ரெகே இசை: பிறப்பு, பிரிவுகள், ஆன்மிக வேர்கள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரெகே என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது கடற்கரை, தென்னை மரம், பாப் மார்லி முகம் அச்சிட்ட டி-ஷர்ட். இந்த இசையில் ஊறிப்போனவள் என்பதால் தெரிந்தவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ரெகேயின் தாளத்தையும் அதற்குள் இருக்கும் ராஸ்தஃபாரி என்ற வழிபாட்டையும் பிரித்துப் பார்த்தால் இரண்டுமே பிடிபடாது. கீழே உள்ள பதில்களில் பாதி மதத்தைப் பற்றியவை என்பதற்கு அதுதான் காரணம்.

ரெகே எங்கே, எப்போது பிறந்தது?

ஜமைக்காவின் தலைநகரான கிங்ஸ்டனில், 1968-ஐ ஒட்டி. அந்த வருடம் ஸ்டுடியோ ஒன் என்ற பதிவுக்கூடத்தில் லாரி மார்ஷல் பாடிய ‘நேனி கோட்’ பாட்டில் கிட்டாரும் ஆர்கனும் சேர்ந்து ஒரு புது நடையைப் பிடித்தன. அதே வருடம் டூட்ஸ் ஹிபர்ட்டின் மேட்டல்ஸ் குழு ‘டூ த ரெகே’ என்று ஒரு பாட்டைப் போட்டது; பெயர் நிலைத்துவிட்டது. முதல் பாட்டு எது என்று கேட்டால் கிங்ஸ்டனில் ஆளுக்கு ஒரு பதில் சொல்வார்கள். ஒரே ஏழெட்டுத் தெருக்களுக்குள் ஒரே வாத்தியக்காரர்கள் ஸ்டுடியோ மாற்றி ஸ்டுடியோ வாசித்துக்கொண்டிருந்த காலம் அது. யாரோ ஒருவர் உட்கார்ந்து கண்டுபிடித்தார் என்று சொல்வது சரியாக இருக்காது.

அதற்கு முன் அங்கே என்ன இசை இருந்தது?

1655-இல் ஆங்கிலேயர் ஸ்பானியரிடமிருந்து ஜமைக்காவைப் பிடித்தார்கள். கரும்புத் தோட்டங்களுக்காக மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்தும் மத்திய ஆப்பிரிக்காவிலிருந்தும் லட்சக்கணக்கானவர்களை அடிமைகளாகக் கொண்டுவந்தார்கள். அவர்களோடு வந்தவை மேளமும், ஒருவர் பாட மற்றவர்கள் எதிர்ப்பாட்டுப் பாடும் வழக்கமும். 1838-இல் முழு விடுதலை கிடைத்த பிறகும் அது கிராமங்களில் உயிரோடு இருந்தது. கிட்டார், பாஞ்சோ, உட்கார்ந்து வாசிக்கும் ரம்பா பெட்டி இவற்றோடு பாடிய மென்டோ அந்தக் கிராமத்து இசையில் வந்ததுதான்.

நகரத்து இசையை மாற்றியது சவுண்ட் சிஸ்டம். 1950-களில் மேற்குக் கிங்ஸ்டனில் குடியேறிய ஏழைகளால் ஹோட்டல் நடன அரங்குகளுக்குப் போக முடியாது. அவர்களுக்காகத் திறந்த முற்றத்தில் அலமாரி உயரத்துக்கு ஒலிபெருக்கிப் பெட்டிகளை அடுக்கி, அமெரிக்காவிலிருந்து வந்த ரிதம் அண்ட் ப்ளூஸ் இசைத்தட்டுகளைப் போட்டார்கள். கிளெமென்ட் ‘காக்ஸன்’ டாட், டியூக் ரீட், பிரின்ஸ் பஸ்டர் மூவருக்கும் இடையே கடும் போட்டி. அபூர்வமான தட்டு கையில் கிடைத்தால், எதிராளிக்குத் தெரியக் கூடாது என்று மேலே ஒட்டியிருக்கும் பெயரைச் சுரண்டி எடுத்துவிடுவார்கள். பிறகு அமெரிக்காவில் ராக் அண்ட் ரோல் அலை அடித்து, இவர்களுக்குப் பிடித்த மாதிரிப் பாட்டு வருவது குறைந்தது. வேறு வழியில்லாமல் உள்ளூர் கலைஞர்களை வைத்துத் தாங்களே பதிவு செய்யத் தொடங்கினார்கள். ஜமைக்காவின் இசைத் தொழில் உருவானது இப்படித்தான்.

அப்படிப் பிறந்தது ஸ்கா. வேகமான நடை, இடைத்தட்டில் வெட்டும் கிட்டார், மேலே டிராம்போனும் சாக்ஸபோனும் டிரம்பெட்டும். 1962 ஆகஸ்ட் 6-இல் நாடு சுதந்திரம் பெற்றபோது தெருவெல்லாம் கேட்டது அதுதான். 1964-இல் ஸ்காடலைட்ஸ் குழு சேர்ந்தபோது அதில் டான் டிரம்மண்ட், டாமி மெக்குக், ஜானி மூர், லெஸ்டர் ஸ்டெர்லிங் என்று நால்வர் ஒரே பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவர்கள். கிங்ஸ்டனில் கத்தோலிக்கக் கன்னியாஸ்திரீகள் நடத்திய ஆல்ஃபா ஆண்கள் பள்ளி அது. பெற்றோர் இல்லாத, வசதி இல்லாத பையன்களுக்குப் பித்தளை வாத்தியம் கற்றுக்கொடுத்தார்கள். அங்கிருந்த சிஸ்டர் மேரி இக்னேஷியஸ், பையன்கள் கேட்டுப் பழகட்டும் என்று இசைத்தட்டு சேகரித்து, பள்ளிக்குள்ளேயே சவுண்ட் சிஸ்டம் போட்டவர். ரெகே வரலாற்றில் இவர் பெயருக்கு இன்னும் பெரிய இடம் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

1966 வாக்கில் ஸ்கா நிதானமானது. அதற்கு ராக்ஸ்டெடி என்று பெயர். பித்தளை வாத்தியங்கள் ஒதுங்க, மின்சார பேஸ் கிட்டார் முன்னுக்கு வந்தது. ஆல்டன் எல்லிஸ் போன்ற பாடகர்கள் காதலையும் ஏக்கத்தையும் பாடினார்கள். இரண்டே வருடம்தான் இந்தக் காலம். ஆனால் அந்த இரண்டு வருடத்தில் போட்ட பேஸ் மெட்டுகளின் மேல் இன்றுவரை புதுப் பாட்டுகள் கட்டிக்கொண்டே இருக்கிறார்கள்.

ஒரு பாட்டு ரெகேதான் என்று காது எப்படிக் கண்டுபிடிக்கும்?

ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று விரலில் எண்ணிக்கொண்டே கேளுங்கள். கிட்டார் இரண்டிலும் நான்கிலும் மட்டும் ‘சக்’ என்று வெட்டி உடனே அடங்கும். அதன் இடுக்குகளில் ஆர்கன் கொப்பளித்துக்கொண்டே இருக்கும். டிரம்மில் பலமான அடி மூன்றில் விழும். நாம் சமம் என்று சொல்லும் முதல் தட்டில் டிரம் அடிக்காது. மேற்கத்திய பாப் பாட்டுகள் பெரும்பாலும் முதல் தட்டை ஓங்கி அடித்துத்தான் தொடங்கும். இங்கே அந்த இடமே காலி. ‘ஒன் டிராப்’ என்று சொல்வது இந்த அமைப்பைத்தான். பாப் மார்லியின் வெய்லர்ஸ் குழு டிரம்மர் கார்ல்டன் பேரட் வாசித்ததைக் கேட்டால் ஒரு நிமிடத்தில் விளங்கும்.

பாட்டின் மெட்டைச் சுமப்பது அவருடைய அண்ணன் ஆஸ்டன் பேரட் வாசிக்கும் பேஸ். பாடுபவர் குரலை நீக்கிவிட்டாலும் பேஸை மட்டும் வைத்து இது எந்தப் பாட்டு என்று சொல்லிவிடலாம். டிரம், பேஸ் இரண்டும் சேர்ந்த அந்த அடித்தளத்தை ஜமைக்கர்கள் ‘ரிடிம்’ என்பார்கள். ஒரே ரிடிமின் மேல் நூறு பேர் நூறு பாட்டுப் பாடுவது அங்கே சாதாரணம். அதைத் திருட்டு என்று யாரும் நினைப்பதில்லை.

‘ஒன் டிராப்’ தவிர வேறு நடைகளும் உண்டு. நான்கு தட்டிலும் பேஸ் டிரம் அணிவகுப்புப் போல விழுந்தால் அது ‘ஸ்டெப்பர்ஸ்’. 1970-களின் நடுவில் ஸ்லை டன்பார் சேனல் ஒன் ஸ்டுடியோவில் கொண்டுவந்த துள்ளலான நடை ‘ராக்கர்ஸ்’.

ராஸ்தஃபாரி என்பது மதமா? அது எப்படித் தொடங்கியது?

மதம் என்றும் சொல்லலாம், வாழ்க்கை முறை என்றும் சொல்லலாம். தலைமைப் பீடம் கிடையாது. எல்லாரையும் கட்டுப்படுத்தும் ஒரே சாத்திரமும் கிடையாது. நயாபிங்கி, போபோ அஷான்டி, இஸ்ரேலின் பன்னிரண்டு கோத்திரங்கள் என்று பல கிளைகள் இருக்கின்றன.

மண்ணைத் தயார் செய்தவர் மார்க்கஸ் கார்வி. 1887-இல் ஜமைக்காவின் செயின்ட் ஆன்ஸ் பே ஊரில் பிறந்தவர். கறுப்பின மக்கள் தலை நிமிர வேண்டும், ஆப்பிரிக்காவை நோக்கிப் பார்க்க வேண்டும் என்று 1914 முதல் பெரிய இயக்கம் நடத்தினார். 1930 நவம்பர் 2 அன்று எத்தியோப்பியாவில் ராஸ் தஃபாரி என்ற இளவரசர், ஹைலே செலாசி என்ற பெயரில் பேரரசராக முடிசூடினார். ஐரோப்பியருக்கு அடிமைப்படாத ஆப்பிரிக்க நாடு. அதில் கறுப்பு அரசர். சாலமோன் வம்சம் என்ற உரிமை. யூதாவின் சிங்கம் என்ற பட்டம். பைபிளை வரி வரியாகப் படித்து வளர்ந்த ஜமைக்க ஏழைகளுக்கு, சங்கீதம் 68-இல் எத்தியோப்பியாவைப் பற்றிச் சொன்னது கண்முன்னே நடந்த மாதிரி இருந்தது.

1933-இல் லெனர்ட் ஹவல் இந்த அரசரே இறைவன் என்று பொது இடத்தில் பேசத் தொடங்கினார். அடுத்த வருடமே ராஜத்துரோக வழக்குப் போட்டு அவரைச் சிறையில் அடைத்தார்கள். வெளியே வந்து, 1940-இல் பினக்கிள் என்ற மலையில் நிலம் எடுத்து நூற்றுக்கணக்கானவர்களைக் குடியேற்றினார். போலீஸ் அதைப் பலமுறை தாக்கி 1954-இல் சிதறடித்தது. 1963 ஏப்ரலில் மான்டிகோ பே அருகே கோரல் கார்டன்ஸில் நடந்த மோதலுக்குப் பிறகு, கண்ணில் பட்ட ராஸ்தாக்களையெல்லாம், அதாவது இந்த நம்பிக்கைக்காரர்களையெல்லாம், பிடித்து அடித்து முடியை வெட்டினார்கள். அரசு இதற்கு மன்னிப்புக் கேட்டது 2017-இல். ஐம்பது வருடத்துக்கும் மேல் ஆயிற்று.

ஹைலே செலாசி தன்னைக் கடவுள் என்று ஏற்றுக்கொண்டாரா?

இல்லை. அவர் கடைசிவரை எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் சபைக் கிறிஸ்தவர். ஆனாலும் 1966 ஏப்ரல் 21-இல் அவர் கிங்ஸ்டனில் விமானத்திலிருந்து இறங்க வந்தபோது கூட்டம் காவலை உடைத்துக்கொண்டு ஓடுபாதைக்கே போய்விட்டது. மேளச் சத்தத்தையும் புகையையும் பார்த்து அவர் கதவருகிலேயே நின்றுவிட்டார். ராஸ்தா மூத்தவர்களில் ஒருவரான மார்டிமர் பிளானோ படியேறிப் போய் வழிவிடச் சொன்ன பிறகுதான் கூட்டம் விலகியது. அதுவரை ராஸ்தாவைக் கண்டால் கதவைச் சாத்திய அதிகாரிகள் அன்று அவர்களுடைய உதவியால்தான் விருந்தினரை அழைத்துப் போக முடிந்தது. ராஸ்தாக்கள் அந்த நாளை இன்றும் திருநாளாகக் கொண்டாடுகிறார்கள்.

அந்த நம்பிக்கை எப்படி இசைக்குள் வந்தது?

மேளம் வழியாக வந்தது. எனக்கு இந்த வரலாற்றிலேயே மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

ஆரம்ப கால ராஸ்தாக்களுக்குச் சொந்தமாக மேள மரபு இல்லை. தேவாலயப் பாட்டுகளைத்தான் பாடினார்கள். அதே மேற்குக் கிங்ஸ்டன் குடிசைகளில் புரு என்ற மேளக்காரர்கள் இருந்தார்கள். அடிமைக் காலத்தில் தோட்ட வேலைக்குத் தாளம் போட விட்டுவைத்த மரபு அது. சிறையிலிருந்து ஒருவர் விடுதலையாகி வந்தால், அன்றிரவு தெருவில் புரு அடித்துத் திரும்பச் சேர்த்துக்கொள்வார்கள். 1940-களில் இந்த இரு கூட்டமும் கலந்தன. ஒருவரிடம் மேளம் இருந்தது, மற்றவரிடம் நம்பிக்கை இருந்தது.

அதிலிருந்து உருவானதே நயாபிங்கி மேளம். மொத்தம் மூன்று. பெரியது பேஸ், உருண்டைத் துணி கட்டிய குச்சியால் அடிப்பார்கள், அடி வயிற்றில் கேட்கும். நடுவில் உள்ளது ஃபண்டே; ‘தப்-தப்’ என்று இதயத் துடிப்பு மாதிரி இரட்டை அடி, இரவு முழுக்க மாறாது. சிறியது ரிப்பீட்டர், கையால் வாசிப்பது, மேலே பறந்து பேசுவது இது ஒன்றுதான். நடுவில் தீ எரியும். சுற்றி நின்று பைபிளின் சங்கீதங்களையும் பஜனை போன்ற பாட்டுகளையும் விடியும்வரை பாடுவார்கள். அந்த ஃபண்டேயை ஐந்து நிமிடம் கேட்டுவிட்டு ஒரு ரெகே பாட்டைப் போட்டுப் பாருங்கள். கிட்டாரின் வெட்டும் ஆர்கனின் கொப்பளிப்பும் அந்தத் துடிப்போடு எவ்வளவு நெருங்கி வருகின்றன என்று தெரியும்.

இந்த மேளத்தை ஸ்டுடியோவுக்குள் கொண்டுவந்தவர் கவுன்ட் ஆஸி. கிங்ஸ்டனின் கிழக்கில், வரேக்கா மலையடிவாரத்தில் அவர் முகாம் இருந்தது. ஸ்காடலைட்ஸ் கலைஞர்கள் பலரும் இரவில் அங்கே போய்க் கூட வாசித்தவர்கள்தான். 1960-ஐ ஒட்டி பிரின்ஸ் பஸ்டர் ஃபோக்ஸ் பிரதர்ஸைப் பாட வைத்த ‘ஓ கரோலினா’ பாட்டுக்கு கவுன்ட் ஆஸி குழுவை அழைத்தார். சமூகம் ஒதுக்கிவைத்த மேளம் அன்று ஜமைக்காவின் வானொலி வரை போய்ச் சேர்ந்தது.

அப்படியானால் ரெகே பாடகர்கள் எல்லாரும் ராஸ்தாக்களா?

கிடையாது. பிரின்ஸ் பஸ்டர் இஸ்லாமைத் தழுவியவர். டூட்ஸின் குரல் முழுக்கத் தேவாலயத்தில் விளைந்தது. காதல் பாட்டு மட்டும் பாடியவர்களும் ஏராளம். 1970-களில் ராஸ்தாவின் சொற்களும் உருவகங்களும் இசை முழுக்கப் பரவியதால் வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு எல்லாம் ஒன்றாகத் தெரிகிறது.

பாட்டுகளில் பாபிலோன், சீயோன் என்று அடிக்கடி வருகிறதே?

பைபிளில் இஸ்ரவேலரைச் சிறைபிடித்துப் போன நகரம் பாபிலோன். கடத்திக் கொண்டுவரப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அந்தக் கதை வேறு யாருடைய கதையாகவும் படவில்லை. அடித்த போலீஸ், தோட்ட முதலாளி, காலனி அரசு, பேராசை பிடித்த வியாபாரம் எல்லாம் பாபிலோன். சீயோன் என்றால் எத்தியோப்பியா, ஆப்பிரிக்கா, அல்லது மனிதன் நிமிர்ந்து வாழும் நிலை. நம் ஊர்த் திருமண ஆர்கெஸ்ட்ராக்கள்கூட வாசித்த ‘ரிவர்ஸ் ஆஃப் பாபிலோன்’ 1978-இல் போனி எம் குழுவால் உலகமெங்கும் போனது. உண்மையில் அது மெலடியன்ஸ் என்ற ஜமைக்கக் குழு 1970-இல் வெளியிட்ட பாட்டு. சங்கீதம் 137-ஐ எடுத்து, அதில் ராஸ்தா வழிபாட்டுச் சொற்களைக் கலந்து பாடியது. துள்ளலாகக் கேட்கும் அந்தப் பாட்டு, ஊரைப் பறிகொடுத்தவர்களின் ஒப்பாரி.

சடைமுடிக்கும் கஞ்சாவுக்கும் இந்தியத் தொடர்பு உண்டா?

கஞ்சா விஷயத்தில் தெளிவாக உண்டு. 1845 முதல் 1917 வரை சுமார் 36,000 இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாக ஜமைக்கா போனார்கள். பெரும்பாலோர் வட இந்தியர், கல்கத்தாவில் கப்பலேறியவர்கள். தொடக்க வருடங்களில் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் சிலர் போனார்கள். செடியும் பழக்கமும் பெயரும் அவர்களோடு போனவை. லெனர்ட் ஹவல்கூடத் தன் நூலில் ‘ஜி. ஜி. மராக்’ என்று, மகாராஜ் என்பதை ஒட்டிய பெயரைத்தான் போட்டுக்கொண்டார். ராஸ்தாக்களுக்கு அது கூடிப் பேசித் தியானிக்கும்போது பயன்படுத்தும் புனிதப் பொருள். கேளிக்கைக்கு உரியது அல்ல. அதற்காக அவர்கள் பட்ட சிறைவாசம் கொஞ்சமில்லை. 2015-இல்தான் ஜமைக்கச் சட்டம் மாறி ராஸ்தாக்களின் வழிபாட்டு உபயோகத்துக்கு அனுமதி தந்தது.

சடைமுடிக்கு ராஸ்தாக்கள் சொல்லும் ஆதாரம் பைபிளின் எண்ணாகமம் ஆறாம் அதிகாரம். நசரேய விரதம் பூண்டவர் தலையில் சவரகன் கத்தி படக் கூடாது என்ற விதி. சாதுக்களைப் பார்த்து வந்தது, கென்யப் போராளிகளின் படத்தைப் பார்த்து வந்தது என்று வேறு விளக்கங்களும் உலவுகின்றன. ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு “எல்லாம் நம்முடையது” என்று பெருமை பேசுவது அவர்களுடைய வரலாற்றுக்குச் செய்யும் அநியாயம்.

பாப் மார்லி மட்டும் ஏன் இவ்வளவு பெரிய பெயர்?

திறமை முதல் காரணம். 1945-இல் நைன் மைல் கிராமத்தில் பிறந்து, கிங்ஸ்டனின் ட்ரென்ச் டவுனில் வளர்ந்து, பீட்டர் டாஷ், பன்னி வெய்லர் இருவரோடும் ஸ்கா காலத்திலிருந்தே உழைத்தவர். 1973-இல் ஐலண்ட் நிறுவனத்தின் கிறிஸ் பிளாக்வெல் ‘கேட்ச் எ ஃபயர்’ தொகுப்பை ராக் ரசிகர்களுக்கு ஏற்ற மாதிரி மெருகேற்றி வெளியிட்டது இன்னொரு காரணம்.

ஆனால் அவரை வெறும் விற்பனைச் சரக்காகப் பார்ப்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. 1976 டிசம்பர் 3 இரவு வீட்டுக்குள் புகுந்து அவரைச் சுட்டார்கள். காயத்தோடு இரண்டாம் நாளே மேடையேறினார். 1978 ஏப்ரலில், இரு கட்சி ஆதரவாளர்களும் ஒருவரை ஒருவர் கொன்றுகொண்டிருந்த நேரத்தில், பிரதமர் மைக்கேல் மேன்லியையும் எதிர்க்கட்சித் தலைவர் எட்வர்ட் சியாகாவையும் மேடைக்கு அழைத்து இருவர் கையையும் சேர்த்துத் தூக்கிப் பிடித்தார். 1980-இல் ஜிம்பாப்வே விடுதலை பெற்ற இரவில் அங்கே பாடினார். ‘வார்’ பாட்டின் சொற்கள் பெரும்பாலும் ஹைலே செலாசி 1963-இல் ஐ.நா. சபையில் பேசியவை. ஓர் அரசரின் உரையை ஒன் டிராப் தாளத்தில் உட்கார வைத்ததே ஒரு வழிபாடுதான். 1981 மே 11-இல் புற்றுநோயால் இறந்தபோது வயது 36.

ரூட்ஸ், டப், லவர்ஸ் ராக், டான்ஸ்ஹால்: என்ன வித்தியாசம்?

ரூட்ஸ், 1970-களின் ராஸ்தா ரெகே. பர்னிங் ஸ்பியர், கல்ச்சர், அபிசீனியன்ஸ் இதன் தூண்கள். அபிசீனியன்ஸ் 1969-இல் எத்தியோப்பிய அம்ஹாரிக் சொற்களை வைத்துப் பாடிய ‘சத்தா மசகானா’ விற்காது என்று ஸ்டுடியோக்காரர் பெட்டியில் போட்டுவிட்டார். குழுவினர் 1971-இல் தாங்களே வெளியிட்டார்கள். இன்று அது ராஸ்தாக்களின் கீதம் போல ஆகிவிட்டது.

டப் என்பது பாடிய குரலைக் கழற்றிவிட்டு, டிரம்மையும் பேஸையும் நிறுத்தி, மற்றதையெல்லாம் எதிரொலியில் கரைப்பது. இதை ஒரு கலையாக்கிய கிங் டப்பி, மின்சாதனங்கள் பழுது பார்ப்பவர். வாட்டர்ஹவுஸ் பகுதியில் வீட்டிலேயே இருந்த சிறிய அறையில், தானே மாற்றியமைத்த மிக்ஸரை வைத்து அவர் செய்ததைத்தான் இன்று உலகம் முழுக்க ‘ரீமிக்ஸ்’ என்ற பெயரில் செய்கிறார்கள். குரல் இல்லாத அந்தத் தட்டுகளின் மேல் யூ-ராய் போன்றவர்கள் தாளத்தோடு பேசினார்கள். கிங்ஸ்டனில் பிறந்த கூல் ஹெர்க் 1973-இல் நியூயார்க்கின் பிராங்க்ஸில் போட்ட விருந்திலிருந்துதான் ஹிப்-ஹாப்பின் வரலாற்றைச் சொல்கிறார்கள்.

லவர்ஸ் ராக் லண்டனில் பிறந்தது. குடியேறிய ஜமைக்கர்களின் மகள்கள் பாடிய மென்மையான காதல் ரெகே.

டான்ஸ்ஹால் 1980-களில் வந்த வேகமான, பேச்சு கலந்த வடிவம். 1985-இல் வெய்ன் ஸ்மித் பாடி, கிங் ஜாமி தயாரித்த ‘அண்டர் மி ஸ்லெங் டெங்’ முழுக்க கேசியோ எம்டி-40 என்ற சிறிய கீபோர்டிலேயே இருந்த தாளத்தின் மேல் கட்டியது. ஜப்பானில் அந்தத் தாளத்தை அமைத்தவர் ஒகுடா ஹிரோகோ. கல்லூரியில் ரெகேயைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதிய பெண் அவர். சில டான்ஸ்ஹால் பாட்டுகளில் ஓரினச் சேர்க்கையாளர்களுக்கு எதிரான வன்மம் இருப்பதை மறைக்க முடியாது, மறைக்கவும் கூடாது.

பெண்களின் பங்கு பற்றி ஏன் குறைவாகவே கேள்விப்படுகிறோம்?

ஸ்டுடியோ முதலாளிகளும் ஆண்கள், ராஸ்தா முகாம்களின் மூத்தவர்களும் ஆண்கள். மாதவிடாய், உடை, பேச்சு எல்லாவற்றிலும் பெண்களுக்குக் கட்டுப்பாடு விதித்த கிளைகள் உண்டு. இருந்தும் வரலாற்றின் திருப்பங்களில் அவர்கள் நிற்கிறார்கள். மார்கரிட்டா என்ற நடனக் கலைஞர் அனிடா மஹ்ஃபுட், புகழ்பெற்ற திறமைப் போட்டி மேடையில் கவுன்ட் ஆஸியின் மேளம் இல்லாமல் ஆட மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தார். தயங்கிய அமைப்பாளர் வேறு வழியின்றிச் சம்மதித்தார்; கூட்டம் ஆர்ப்பரித்தது. 1965 புத்தாண்டை ஒட்டிய இரவில் அவரைக் கொன்றவர், அவரோடு வாழ்ந்த டான் டிரம்மண்ட். டிரம்மண்டின் மேதைமையைப் பற்றி எழுதும் பலர் மார்கரிட்டாவை ஒரு வரியில் கடந்துவிடுவது என்னை வருத்துகிறது.

சோனியா பாட்டிஞ்சர் தயாரிப்பாளராக ஜெயித்தார். மார்லியின் பின்னணிக் குரல்களில் ஒருவரான ஜூடி மொவாட் 1979-இல் ‘பிளாக் வுமன்’ என்ற முழுத் தொகுப்பைக் கொடுத்தார். சிஸ்டர் நான்சி 1982-இல் பாடிய ‘பேம் பேம்’ உலகமெல்லாம் ஒலித்தும், முப்பது வருடத்துக்கு மேல் அவருக்கு உரிமைத்தொகை வரவில்லை.

யுனெஸ்கோ அங்கீகாரம் கிடைத்ததா?

2018 நவம்பரில், மனிதகுலத்தின் தொட்டறிய இயலாப் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் ரெகே சேர்ந்தது.

எங்கிருந்து கேட்கத் தொடங்கலாம்?

கவுன்ட் ஆஸி குழுவின் 1973 தொகுப்பான ‘கிரவுனேஷன்’-இல் தொடங்குங்கள். மேளம் காதில் பதிந்த பிறகு ஸ்காடலைட்ஸ், அடுத்து ஆல்டன் எல்லிஸ். பிறகு பர்னிங் ஸ்பியர் 1975-இல் வெளியிட்ட ‘மார்க்கஸ் கார்வி’, காங்கோஸ் குழுவுக்காக லீ பெர்ரி தன் பிளாக் ஆர்க் ஸ்டுடியோவில் செய்த ‘ஹார்ட் ஆஃப் த காங்கோஸ்’. மார்லியை அதற்குப் பின் கேட்டால் அவர் எங்கிருந்து வந்தார் என்பது தானாக விளங்கும். டப் கேட்க அகஸ்டஸ் பாப்லோவும் கிங் டப்பியும் சேர்ந்து செய்தவை போதும்.

கைப்பேசியின் சிறிய ஸ்பீக்கரில் மட்டும் கேட்காதீர்கள். அதில் பேஸ் வராது. பேஸ் வராவிட்டால் பாட்டில் பாதி போயிற்று. நல்ல ஹெட்போனோ வீட்டில் பழைய பெரிய ஸ்பீக்கரோ இருந்தால் எடுத்து மாட்டிக்கொண்டு, முதல் முறை வரிகளை விட்டுவிட்டு பேஸை மட்டும் பின்தொடருங்கள்.